சமக் கூலியாம்! ஆட்டம் எங்கே?

2024 ஜூலை 28-ந் தேதி இலங்கையில் தம்புள்ளை மைதானத்தில் மகளிர் ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியப் பெண்கள் இருபது ஓவரில் 165 ரன் எடுத்தார்கள். இலங்கைப் பெண்கள் இரண்டே விக்கெட்டை இழந்து, எட்டுப் பந்து மீதி இருக்கும்போதே 167 ரன் எடுத்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்கள். கேப்டன் சமரி அத்தபத்து 61 ரன். ஹர்ஷிதா சமரவிக்ரம கடைசிவரை நின்று 69 ரன். அதற்கு முன் எட்டுத் தடவை நடந்த இந்தப் போட்டியில் ஏழு தடவை இந்திய அணிதான் ஜெயித்திருந்தது. இலங்கைப் பெண்கள் இந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. மைதானத்துக்குள் போக டிக்கெட் கிடையாது, இலவசம். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை மறைமலைநகர் ரயிலடி டீக்கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து மாதம் கழித்து, 2025 நவம்பர் 2-ந் தேதி, அதே இந்தியப் பெண்கள் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்து உலகக் கோப்பையை வாங்கினார்கள். அன்று இரவு எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. நானும் மகிழ்ந்தேன், ஒளிப்பானேன்? மந்திரிகள் வாழ்த்துச் சொன்னார்கள். சிமெண்டுக்காரர்களும் பெயிண்டுக்காரர்களும் “நாட்டின் புதல்விகளே!” என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்கள்.

தோற்றால் மௌனம், ஜெயித்தால் மாலை. இது பழைய வழக்கம், விடுங்கள். ஆனால் மாலையோடு சேர்த்து ஒரு பல்லவியும் பாடினார்களே, அதை விடுவதற்கில்லை. “பார், இந்தியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வந்துவிட்டது! கிரிக்கெட்டே வழிகாட்டிவிட்டது!” என்பதுதான் அந்தப் பல்லவி. நம் சங்கத் தோழர்களிலேயே சிலர் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நமக்கு இன்னாத்துக்கு?

கணக்குக்குப் போகும் முன் ஒரு விஷயம். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது ஆலை கேட்டில் ஒரு மூத்த தோழர் சிரித்தார். “பொம்பளப் புள்ளைங்க கிரிக்கெட்டு நமக்கு இன்னாத்துக்கு தோழர்? அது வெள்ளைக்காரன் ஆட்டம், இப்போ முதலாளி ஆட்டம். போனஸ் பத்தி எழுதுங்க” என்றார்.

போனஸ் பற்றியும் எழுதத்தான் போகிறோம். ஆனால் ரயிலும் வெள்ளைக்காரன் போட்டதுதான். அதில் ஏறித்தானே தினம் வேலைக்கு வருகிறோம்? ஆலையும் முதலாளியுடையதுதான். அதற்காக ஆலைக்குள் இருக்கும் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசாமல் இருந்தோமா? ஆட்டம் யாருடையது என்பதை அதைக் கண்டுபிடித்தவன் தீர்மானிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வறண்ட ஏரிக்குள் மூன்று குச்சியை நட்டு டென்னிஸ் பந்தில் ஆடுகிற நம் வீட்டுப் பையன்கள் அதை எப்போதோ நம்முடையதாக்கிவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் ஏரிக் கரையில்கூட நிற்பதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

இன்னொரு தோழர் கேட்டார்: “லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?” அவர்களுக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. மேலே ஒரு இடத்தில் ஒரு தந்திரம் செல்லுபடியாகிவிட்டால், நாளைக்கு அதே தந்திரம் கீழே நம் கேட்டுக்கும் வரும். அதனால்தான் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பீஸ் ரேட் கணக்கு

2022 அக்டோபர் 15-ந் தேதி வங்கதேசத்தில் சில்ஹெட் நகரில் இந்தியப் பெண்கள் இலங்கையை 65 ரன்னுக்குள் மடக்கி, எட்டரை ஓவரில் ஆட்டத்தை முடித்து ஆசியக் கோப்பையை வாங்கினார்கள். ரேணுகா சிங் ஐந்தே ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, அக்டோபர் 27-ந் தேதி, இந்தியக் கிரிக்கெட் போர்டு அறிவித்தது: இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டக் கட்டணம் ஒன்றே. ஒரு டெஸ்ட் ஆட்டத்துக்கு ரூ. 15 லட்சம். ஒரு நாள் ஆட்டத்துக்கு ரூ. 6 லட்சம். இருபது ஓவர் ஆட்டத்துக்கு ரூ. 3 லட்சம்.

நல்லது. வரவேற்கிறோம். அந்தப் பெண்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்தது அது, போர்டு போட்ட பிச்சை அல்ல.

ஆனால் இது என்ன மாதிரியான கூலி? மாதச் சம்பளமா? இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது. ஆலைத் தோழர்களுக்கு இதன் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது பீஸ் ரேட்! பீஸ் ரேட்டில் தொழிலாளி முதலில் கேட்பது என்ன? ரேட் எவ்வளவு என்பது மட்டுமா? “எத்தனை பீஸ் கொடுப்பாய்?” என்றுதானே கேட்பான்? ரேட்டை உயர்த்திவிட்டு வேலையைக் கொடுக்காமல் உட்கார வைத்தால் சனிக்கிழமை கையில் என்ன மிஞ்சும்?

நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவன். இந்தக் கணக்குக்கு அது போதும். 2024-ம் ஆண்டில் இந்திய ஆண்கள் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 15. அதே ஆண்டில் இந்தியப் பெண்கள் ஆடிய டெஸ்ட் ஆட்டம் 1. அந்த ஒன்றும் நம் சேப்பாக்கத்தில்தான், ஜூன் 28 முதல் ஜூலை 1 வரை, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்தது. ஷபாலி வர்மா 205 ரன் அடித்தார். அணி 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்து, ஜெயித்தும் காட்டியது. பதினைந்து ஆட்டமும் ஆடிய ஓர் ஆணுக்கு டெஸ்ட் கட்டணம் ரூ. 2 கோடி 25 லட்சம். இருந்த எல்லா ஆட்டத்தையும் ஆடிய பெண்ணுக்கு ரூ. 15 லட்சம். ரேட் ஒன்று, பலன் பதினைந்தில் ஒரு பங்கு!

இதுவாவது பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய நிலைமை. 2014 நவம்பரில் மைசூரில் ஒரு டெஸ்ட் ஆடிய பிறகு, 2021 ஜூன் மாதம் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் ஆடும் வரையில், இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. ஆறரை ஆண்டு! ஒரு ஆட்டக்காரியின் உடம்பில் வலு இருக்கும் காலமே பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். அதில் பாதியை லே-ஆஃபில் உட்கார வைத்தார்கள்.

ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைப்பது ஒப்பந்தப் பணம், அதாவது நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் போன்றது. அதில் சமம் உண்டா? 2024-25 ஒப்பந்தத்தில் ஆண்களில் முதல் வரிசைக்கு ரூ. 7 கோடி. பெண்களில் முதல் வரிசைக்கு ரூ. 50 லட்சம். பதினான்கில் ஒரு பங்கு! ஆண்களில் கடைசி வரிசைக்கு ஒரு கோடி. அதாவது ஆண்களில் கடைசியில் இருப்பவர், பெண்களில் முதலில் இருப்பவரைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறார். ஒருவரை நிரந்தரமாக்கி, மற்றவரைப் பதிலியாகக் கேட்டில் நிறுத்தி வைத்து, “உள்ளே வந்தால் இருவருக்கும் ஒரே கூலிதான்” என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? பஞ்சாலையில் பதிலியாகக் காலையில் வந்து நின்று, மேஸ்திரி முகத்தைப் பார்த்து, பெயர் கூப்பிடாமல் வீடு திரும்பிய தோழர்கள் இதைப் படித்ததும் புரிந்துகொள்வார்கள்.

வயலில் நிற்கும் தோழர்களுக்கும் இது புதிதல்ல. 2005-ம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றார்கள். எழுத்தில் பழுதில்லை. நூறு நாள் என்றார்கள். மதுராந்தகம் பக்கமும் திருக்கழுக்குன்றம் பக்கமும் நூறு நாளையும் பார்த்த குடும்பம் எத்தனை? கூலியை சமமாக்கி நாளை வெட்டு. இந்த வித்தையை நம் பெண்கள் மண்வெட்டியோடு நின்று பார்த்தவர்கள்.

“பார்க்க ஆள் இல்லையே!”

முதலாளி பத்திரிகைகள் உடனே ஒரு பதிலை நீட்டும். “பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. வருமானம் இல்லை. இல்லாத பணத்தை எங்கிருந்து தருவது?”

அப்படியானால் 2023 ஜனவரியில் பெண்கள் பிரீமியர் லீகின் ஐந்து அணிகளை ரூ. 4,669 கோடிக்கும் மேல் கொடுத்து ஏலம் எடுத்தவர்கள் யார்? தர்மப் பிரபுக்களா? ஆமதாபாத் அணியை ரூ. 1,289 கோடிக்கு அதானி எடுத்தார். மும்பை அணியை ரூ. 912 கோடிக்கு மேல் கொடுத்து ரிலையன்ஸ் எடுத்தது. டெலிவிஷன் உரிமை ஐந்தாண்டுக்கு ரூ. 951 கோடி. லாபம் இல்லாத இடத்தில் அம்பானியும் அதானியும் கால் வைத்ததை யாராவது பார்த்ததுண்டா? (அந்த ஐந்தில் சென்னைக்கு ஓர் அணி இல்லை. கிரிக்கெட் பைத்தியம் என்று பெயர் வாங்கிய ஊர் இது!)

ஆட்டமே நடத்தாமல் இருந்துவிட்டுப் பார்க்க ஆளில்லை என்பது, கடையைப் பூட்டி வைத்துக்கொண்டு வியாபாரம் இல்லை என்பது போல. ஆண்களுக்கான ஆசியக் கோப்பை 1984-ல் தொடங்கியது. பெண்களுக்கு 2004-ல். இருபது ஆண்டு தாமதம். முதல் தடவை ஆட வந்தவை இந்தியா, இலங்கை என்று இரண்டே அணிகள். 2022-ல் வந்து ஆடியவை ஏழு அணிகள். அதில் தாய்லாந்துப் பெண்கள் பாகிஸ்தானைத் தோற்கடித்து அரை இறுதி வரைக்கும் போனார்கள். 2018 ஜூன் மாதம் கோலாலம்பூரில் வங்கதேசப் பெண்கள் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் இந்தியாவை வீழ்த்தினார்கள். ஆட்டம் கொடுத்தால் ஆள் வளர்வாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2025 உலகக் கோப்பையில் ஜெயித்த பெண்களுக்கு உலகக் கிரிக்கெட் கவுன்சில் கொடுத்த பரிசு சுமார் 45 லட்சம் டாலர். 2023-ல் ஆண்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம். இது பெரிய விஷயம்தான். ஆனால் நம் போர்டு தன் கையால் கொடுத்த வெகுமதி என்ன? 2024-ல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற ஆண்களுக்கு ரூ. 125 கோடி. 2025-ல் உலகக் கோப்பையை வென்ற பெண்களுக்கு ரூ. 51 கோடி. சமத்துவம் பேசிய அதே வாய், கையெழுத்துப் போட்டது அதே கை!

ரயில்வே காப்பாற்றிய ஆட்டம்

இன்றைக்குப் பெண்கள் கிரிக்கெட்டுக்குத் தகப்பன் நான்தான் என்று மார் தட்டும் போர்டு, 2006 வரை அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1973-ல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்பட்டது. காசில்லாத சங்கம். ஆட்டக்காரிகள் ரிசர்வ் செய்யாத பெட்டிகளில் மூட்டையோடு உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள், பொது அறைகளில் தரையில் படுத்தார்கள். ஒரே மட்டையைப் பலர் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அந்த நிலையிலேயே 2005-ல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஆட்டத்துக்கு ரூ. 1,000 கிடைத்ததாகக் கேப்டன் மிதாலி ராஜ் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். எட்டு ஆட்டம், எட்டாயிரம் ரூபாய். உலகத்தில் இரண்டாவது இடத்துக்குக் கிடைத்த கூலி அது.

அப்படியானால் அந்தப் பெண்கள் எதைச் சாப்பிட்டு ஆடினார்கள்? இதைத்தான் பெரிய பத்திரிகைகள் எழுதுவதில்லை. ரயில்வே வேலை! இந்திய ரயில்வே பெண் ஆட்டக்காரிகளுக்கு வேலை கொடுத்தது, பயிற்சிக்கு நேரம் கொடுத்தது, மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தது. டயானா எடுல்ஜியும் மிதாலி ராஜும் ரயில்வே ஊழியர்கள். உள்நாட்டுப் பெண்கள் போட்டிகளில் ரயில்வே அணி ஆண்டுக்கணக்கில் கோப்பைகளை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தனியார் எவனும் திரும்பிப் பார்க்காத காலத்தில் இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது ஜனங்களின் சொத்தான ஒரு பொதுத்துறை. பொதுத்துறையை வெட்டி விற்க நிற்பவர்கள்தான் இன்று அதன் பலனுக்கு மாலை போட வருகிறார்கள்.

சென்னையில் ஆண்களின் லீக் கதை வேறு. கம்பெனிகள் பேரிலும் பாங்குகள் பேரிலும் அணிகள் ஆடின. நன்றாகப் பந்து போடத் தெரிந்த பையனுக்குக் கிரிக்கெட்டைக் காட்டியே உத்தியோகம் கிடைத்த காலம் அது. அந்த வாசல் பெண்ணுக்குத் திறக்கவில்லை.

கை குலுக்கக் கூடாதாம்!

ஆசியக் கோப்பையை நடத்துவது ஆசியக் கிரிக்கெட் கவுன்சில். 2021 ஜனவரி முதல் 2024 கடைசி வரை அதன் தலைவர் ஜெய் ஷா. இந்திய உள்துறை மந்திரியின் மகன். 2025 ஏப்ரலில் தலைவராக வந்தவர் மொஹ்சின் நக்வி. பாகிஸ்தானின் உள்துறை மந்திரியே அவர்தான்! இரண்டு நாட்டுப் போலீஸ் இலாகாவும் மாறி மாறி உட்காரும் நாற்காலியில் விளையாட்டு என்ன பாடுபடும் என்பதை நாம் பார்த்தோம். 2025 அக்டோபர் 5-ந் தேதி கொழும்பில் உலகக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இந்தியப் பெண்களும் பாகிஸ்தான் பெண்களும் கை குலுக்காமல் பிரிந்தார்கள். ஆண்கள் அணிகள் அதற்கு முன்பே தொடங்கி வைத்த வழக்கம்.

அந்தப் பெண்களாகவா இதைச் செய்தார்கள்? 2022 மார்ச் மாதம் நியூசிலாந்தில் இதே இரு அணிகளும் ஆடிய நாளில், பாகிஸ்தான் கேப்டன் பிஸ்மா மரூஃப்பின் கைக்குழந்தையைச் சுற்றி இந்திய ஆட்டக்காரிகள் கூடி நின்று கொஞ்சிய படத்தை உலகமே பார்த்தது. பிரசவித்த பெண் குழந்தையோடு வந்து நாட்டுக்கு ஆடுகிறாள். அதைக் கண்டு எதிரணிப் பெண்கள் மகிழ்கிறார்கள். இதுதான் அவர்களின் சொந்த சுபாவம். 2006 ஜனவரியில் இந்தியப் பெண்கள் கராச்சிக்கே போய் ஆசியக் கோப்பையை வென்று பத்திரமாக ஊர் திரும்பினார்கள். கையை மடக்கச் சொன்னவர்கள் மேலே இருக்கிறார்கள்.

தம்புள்ளை பற்றியும் ஒரு வார்த்தை. அது மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. மாத்தளை மலைகளிலும் நம் இனத்துப் பெண்கள் தேயிலை பறிக்கிறார்கள். இலங்கைப் பெண்கள் கோப்பை தூக்கிய அதே 2024-ல் தோட்டத் தொழிலாளர்கள் நாட்கூலி 1,700 ரூபாய் கேட்டார்கள். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கடைசியில் அடிப்படைக் கூலி 1,350-ல் நின்றது. கோப்பைக்குக் கை தட்டியவர்கள் கூலிக்குக் கை விரித்தார்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

வயநாட்டில் இருந்தது, இங்கே இல்லாதது

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? சில்ஹெட்டில் மூன்று விக்கெட் எடுத்த ரேணுகா சிங் மூன்று வயதில் தகப்பனை இழந்தவர். தாய் இமாசலப் பிரதேசத்தில் கடைநிலை அரசு ஊழியராக உழைத்து வளர்த்தார். தம்புள்ளை அரை இறுதியில் வங்கதேசத்தைச் சுருட்டிய ராதா யாதவின் தகப்பனார் மும்பையில் தெருவோரக் காய்கறி வியாபாரி. அந்த அணியில் இருந்த சஜனா சஜீவன் வயநாட்டுக் குறிச்சியர் பழங்குடிப் பெண், ஆட்டோ டிரைவரின் மகள். 2023-ல் இந்தியாவுக்கு ஆட வந்த மின்னு மணியும் அதே வயநாடு, அதே பழங்குடி. தாயும் தகப்பனும் தினக்கூலிகள். அறுவடை முடிந்த வயலில் பையன்களோடு ஆடிப் பழகியவர்.

இதைப் பெரிய பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன? “விதியை வென்ற வீராங்கனை! மனம் இருந்தால் மார்க்கம் உண்டு!” மனம் மட்டும் இருந்தால் போதுமா? மின்னு மணியின் பள்ளிக்கூடத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியை இருந்தார். அவர் கண்ணில் அந்தப் பெண் பட்டாள். வயநாட்டில் கிருஷ்ணகிரி என்ற இடத்தில் ஒரு மைதானம் இருந்தது. தங்கிப் படித்துப் பயிற்சி பெற இடம் இருந்தது. ஓர் ஆசிரியை, ஒரு மைதானம், தங்க ஓர் இடம். இந்த மூன்றும்தான் மார்க்கம். மனம் நம் வீட்டுப் பெண்களிடமும் இருக்கிறது!

தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2013 உலகக் கோப்பையில் சதம் அடித்த திருஷ் காமினி சென்னைப் பெண். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். 2022, 2024 ஆசியக் கோப்பை அணிகளில் இருந்த ஹேமலதா தெருவில் ஆடி வளர்ந்த சென்னைப் பெண். 2024 டிசம்பரில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் ஆசியக் கோப்பையை வென்ற அணியில் மதுரை கமலினி இருந்தார். ஆனால் அவர் பயிற்சிக்குச் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. மதுரைக்கே இந்தக் கதி என்றால் அச்சிறுப்பாக்கத்துக்கு என்ன கதி? சென்னையிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் நமக்கே என்ன கதி?

மறைமலைநகரைத் துணை நகரம் என்று திட்டம் போட்டுக் கட்டினார்கள். தொழிற்சாலைக்கு இடம் குறித்தார்கள், சாலைக்கு இடம் குறித்தார்கள். இங்கே பையன்கள் ஆடும் ஒவ்வொரு திடலுக்கும் என்னால் வழி சொல்ல முடியும். பெண்கள் பந்து போடும் ஒரு திடலைக் காட்டச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் போஸ்டர்களைப் படித்துப் பாருங்கள். முதல் பரிசு கொடுப்பவர் பெயர் இருக்கும், தலைவர்கள் படம் இருக்கும், பெண்களுக்கு ஓர் ஆட்டம் இருக்காது. அந்தப் போஸ்டர்களில் சில நம் தோழர்கள் அடித்தவை என்பதையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

இடம் மட்டுமா இல்லை? நேரமும் இல்லை. பள்ளியிலிருந்து வரும் பெண் நேரே தண்ணீர்க் குடத்துக்குப் போகிறாள், அல்லது தம்பியைத் தூக்கிக்கொள்கிறாள். அவள் அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொள்கிறான். தகப்பனுக்கு வேலை போனால் முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்பும் விளையாட்டும்தான். 2022 ஜூலையில் ஃபோர்டு கம்பெனி கடைசிக் காரை வெளியே அனுப்பிவிட்டு இங்கே கதவைச் சாத்தியது. அப்போது எத்தனை வீடுகளில் இது நடந்தது என்பதை அக்கம்பக்கம் இருந்தவர்கள் அறிவார்கள். 2025 அக்டோபரில் அந்தக் கம்பெனி எஞ்சின் செய்யத் திரும்பி வருவதாக ஒப்பந்தம் போட்டது. போன வயசு திரும்பி வருமா?

பதினெட்டு நிரம்பியதும் அந்தப் பெண் ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ ஒரகடம் பக்கமோ ஷிப்டுக்குப் போகிறாள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைதான். அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டில் உடன் வேலை செய்தவர்கள் நோய்ப்பட்டதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒழுங்கான சோற்றுக்கே மறியல் செய்ய வேண்டியிருந்தது. விடுதி கேட்டு மூடும் நேரத்துக்கும் ஷிப்டு பஸ் வரும் நேரத்துக்கும் நடுவில் அந்தப் பெண் எங்கே போய்ப் பந்து போடுவாள்?

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று சிகாகோவில் கேட்டார்கள். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் விளையாட்டு இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றதால் மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கியதாக அறிவித்தார்கள். அன்று நாம் காப்பாற்றியது ஆலையில் நிற்கும் நேரத்தை மட்டுமல்ல, நம் பெண்கள் விளையாடக்கூடிய நேரத்தையும்தான். ஆனால் காப்பாற்றிய நேரத்தை வீட்டில் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? சீட்டுக் கட்டோடு நாம் எடுத்துக்கொள்கிறோமா, இல்லையா? கோபப்படாமல் யோசியுங்கள்.

பணமில்லை என்று சர்க்கார் சொல்லட்டும், நான் மாமல்லபுரத்தைக் காட்டுவேன். 2022-ல் உலகச் செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவிலிருந்து நழுவியது. சில மாதத்துக்குள் பூஞ்சேரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை வரவேற்று நடத்தி முடித்தார்கள். சர்க்கார் அதற்கு ஒதுக்கியது ரூ. 92 கோடி. நல்ல காரியம், இந்தியப் பெண்கள் வெண்கலமும் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் அதே கடற்கரையில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. வெளிநாட்டு விருந்தாளிக்கு நான்கு மாதத்தில் முடிகிறது. உள்ளூர்ப் பெண்ணுக்கு ஒரு திடலைச் சமன் செய்து, வேலி கட்டி, ஒரு விளக்கும் ஒரு கக்கூசும் வைக்க எத்தனை மாதம் வேண்டும்? கக்கூஸ் என்று எழுதியதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அது இல்லாத திடலில் எந்தப் பெண்ணும் மூன்று மணி நேரம் நிற்க முடியாது. ஆண்கள் கமிட்டி போட்டால் இது நினைவுக்கே வராது.

பெட்டியின் சாவி

2024-ல் சர்க்கார் கலைஞர் பேரில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. அதில் கிரிக்கெட் மட்டையும் பந்தும் இருக்கின்றன. ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கியவை. உங்கள் பஞ்சாயத்தில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்? இதுவரை ஒரு பெண் அந்த மட்டையைக் கையில் பிடித்திருக்கிறாளா?

மே 1-ந் தேதி கிராம சபை கூடும். கிராமத்துத் தோழர்கள் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களையே பேச விடுங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலுக்குப் போங்கள். வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு காலையும் திடல் பெண்களுக்கு. அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் உடற்கல்வி ஆசிரியர் இடங்களில் பெண்களை நியமிக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும். ஆலைகளில் ஒப்பந்தம் பேசும்போது பெண் தொழிலாளர்களுக்கு விளையாட்டு நேரத்தையும் ஒரு கோரிக்கையாகச் சங்கங்கள் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் நடத்தும் நம் வாலிபர்களும் அடுத்த போஸ்டர் அடிக்கும் முன் பெண்கள் அணிக்கு ஓர் ஆட்டம் ஒதுக்கட்டும்.

தீர்மானம் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. “இளைஞர்கள் பயன்பாட்டுக்கு” என்று எழுதி முடிப்பது கிளார்க்குகளின் வழக்கம். அப்படி எழுதினால் அது பையன்களோடு நின்றுவிடும். “பெண்களுக்கு” என்று தனி வரியில், கிழமையும் மணியும் போட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.